லுயீஸ் வந்துட்டாரு

கீழ்வீட்டில் இரண்டு பேர் சாப்பிடும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முத்தியால்பேட்டைத் தெருவில் மழை கொட்டிக்கொண்டிருக்க, கரண்ட் போன மாடி அறையில் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த சிவசங்கரி கையை நிறுத்திக் காது கொடுத்தாள். தட்டில் ஸ்பூன் உரசும் ஓசை, நாற்காலி இழுபடும் ஓசை, நடுநடுவே வீட்டுக்காரி க்ளெமான்ஸின் சிரிப்பு. தன் அம்மா இறந்தபின் க்ளெமான்ஸ் தனியாகத்தான் சாப்பிடுவாள். படியேறி வந்த ஈரக்காற்றில் கிராம்பு மணத்தது. அப்போதுதான் சவரம் செய்துகொண்ட ஆணின் கன்னத்துச் சோப்பு வாசம்.

அந்த வாசம் சிவசங்கரி எழுதியது.

எட்டு மாதத்துக்கு முன்பு, சோற்றைத் தொடாமல் கிடந்த ஐம்பத்திரண்டு வயது க்ளெமான்ஸைத் தேற்றத்தான் லுயீஸ் என்ற பெயரில் அவள் இணையத்தில் ஒரு பொய்க் கணக்கைத் திறந்து செய்தி அனுப்பினாள். புதுச்சேரியில் பிறந்தவர், பிரான்சில் மனைவியை இழந்தவர். கிராம்பு சோப்பு, இடது புருவத்தில் தழும்பு எல்லாம் பஸ்ஸில் போகும்போது அவள் யோசித்துச் சேர்த்தவை. நாலு நாளில் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். க்ளெமான்ஸோ தலைக்குச் சாயம் பூசினாள், புது கவுன் தைத்தாள், வந்த செய்திகளை மாடிக்கே கொண்டுவந்து வெட்கத்தோடு படித்துக் காட்டினாள். கேட்டுச் சிரித்த ஒவ்வொரு தடவையும் சிவசங்கரிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. போன வாரம், ஒரு வார்த்தை சொல்லாமல் கணக்கை அழித்துவிட்டாள்.

மெல்லப் படியிறங்கினாள்.

மேசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது புருவத்தில் தழும்பு.

"வா சங்கரி. லுயீஸ் வந்துட்டாரு, பாரு. இன்னிக்கே என்னைக் கூட்டினு போறேன்றாரு."

"எங்கக்கா?"

"கடல் தாண்டி. அன்னிக்கே எழுதியிருந்தாரே."

அவர் தட்டில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. வெறும் ஸ்பூன் மட்டும் உரசிக்கொண்டேயிருந்தது. கண் இமைக்கவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்சிடு. லுயீஸ்னு யாரும் இல்ல. எல்லாம் நான் எழுதினது."

க்ளெமான்ஸ் முகம் மாறவில்லை. "யாராச்சும் வந்து இப்படிச் சொல்லுவாங்க, நம்பாதன்னு முன்னாடியே எழுதிட்டாரு."

ஆமாம். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அதையும் அவள்தான் எழுதியிருந்தாள்.

க்ளெமான்ஸின் கையைப் பிடித்தாள். போகாதக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

அவர் உதடு பிரிந்தது.

"வா, போலாம்."

அவர் வாயிலிருந்து வந்தது சிவசங்கரியின் குரல்.

க்ளெமான்ஸ் கண் கலங்கினாள். "படிக்கும்போதெல்லாம் எனக்குள்ள இந்தக் குரல்தான் கேட்டுது," என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

இருவரும் மழையில் இறங்கினார்கள். வெறுங்கால். குருசுக்குப்பம் போகும் சந்து. அதற்கப்பால் கடல்.

சிவசங்கரி வாசலுக்கு ஓடினாள். கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்.

ஒன்றுமில்லை.

சந்தின் கோடியில் மட்டும் அவள் குரல் கேட்டது. அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்கொண்டு, அலைச் சத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.