கரடிப்பாறையின் ஐந்து வேடர்கள்

“வேதா, நில்லுடி! அந்தப் பக்கம் வழுக்குது!”

ஸ்டெல்லாவின் எச்சரிக்கை காதில் விழுந்தும் வேதவல்லி நிற்கவில்லை. நிற்பதாவது! கல்லூரிப் பேராசிரியர் கொடுத்த படிவங்களோடு, செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் இருவரும் பாறை ஓவியம் தேடி அலைவது இது மூன்றாவது நாள். இதுவரை நுழைந்த மூன்று குகைகளிலும் ஓவியத்தை முதலில் பார்த்தவள் ஸ்டெல்லாதான். மூன்று படிவங்களிலும் ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயர்! அதைப் பார்க்கும்போதெல்லாம் வேதாவுக்கு வயிறு எரிந்தது.

மிச்சமிருப்பது கரடிப்பாறை மட்டும்தான். ஆடு மேய்க்கும் மாயகிருஷ்ணன் காலையில் மண்ணில் கோடு கிழித்து வழி காட்டியிருந்தார். “பொளவுக்குள்ள பூந்து போங்க. பாம்பு கீம்பு இருக்கும், தட்டிக்கினே போங்க.”

வேதா தட்டவும் இல்லை, தயங்கவும் இல்லை. வயிற்றை எக்கிக்கொண்டு பிளவுக்குள் புகுந்தாள். முழங்கை சிராய்த்தது. தவழ்ந்தாள், ஒரே தாவாகத் தாவினாள்.

குகை! சுவரில் வெள்ளை நிறத்தில் ஐந்து வேடர்கள்! அவர்கள் நடுவே மங்கிய சிவப்பில் ஏதோ ஒரு விலங்கு.

ஆனால் இந்த மங்கலைப் படம் பிடித்தால் யார் மதிப்பார்கள்? ஸ்டெல்லா எடுத்த படங்கள் எல்லாம் எவ்வளவு தெளிவு! வேதா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். முந்தின நாள், நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளித்த சுற்றுலாக்காரரோடு சண்டைக்குப் போனவளே இவள்தான். பொறாமை வந்துவிட்டால் அதெல்லாம் நினைவிருக்குமா? சுவரில் வீசி ஊற்றினாள்.

சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. மான்! கொம்போடு பாயும் மான்! அவள் கேமராவை எடுப்பதற்குள் வெள்ளை வழியத் தொடங்கிவிட்டது. ஓரத்தில் நின்ற இரண்டு வேடர்கள் கரைந்து போனார்கள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஸ்டெல்லா ஈரச் சுவரையும் காலி பாட்டிலையும் பார்த்தாள்.

“எத்தினி பேருடி இருந்தாங்க?”

“அஞ்சு.” வேதாவுக்கு அழுகை முட்டியது.

“சரி, விடு. மூணு பேருன்னு எழுதிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது? நான் சொல்ல மாட்டேன்.”

வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருந்தன்மையிலும் இவளே முதலா! படிவத்தைப் பிடுங்கினாள். மறைந்த இருவரையும் ஞாபகத்திலிருந்து வரைந்தாள். ஒருவன் கையில் வில், இன்னொருவன் தலையில் இறகு. பிறகு எழுதினாள்.

கண்டறிந்தவர்: வேதவல்லி. சேதம்: தண்ணீர் பட்டு இரண்டு உருவங்கள் அழிந்தன. சேதப்படுத்தியவர்: வேதவல்லி.

இருவரும் பத்திரமாக மலையிறங்கினார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஸ்டெல்லா படிவத்தை மறுபடியும் வாங்கிப் படித்தாள்.

“நானா இருந்தா எழுதியிருக்க மாட்டேன்டி. எனக்கு அந்தத் தைரியம் கெடையாது.”

அவள் குரலில் இருந்தது பொறாமைதான், வேதாவுக்குத் தெரியாதா? மூன்று நாளாக வேதா ஏங்கியது இதற்குத்தான். கிடைத்தபோது கொஞ்சமும் இனிக்கவில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அந்தச் சுவரில் நின்ற இரண்டு பேர் அங்கே இல்லை.