முதல் நரம்பு

காலை ஒன்பது மணி. போலோன்யா நகரத்துக் குற்ற நீதிமன்றத்தில் விசாரித்துப் பதிவு செய்யும் நோட்டரி லத்தான்ஸியோ, கோமகன் எர்கோலேயின் மாளிகை மாடியேறி வந்தபோது தீர்ப்பு ஏற்கெனவே சொல்லி முடிந்திருந்தது.

"எழுதுங்க நோட்டரி," என்றார் கோமகன். "தத்தேயாங்கிற பொண்ணு சுருதி கூட்டறேன்னு கண்ணுமண்ணு தெரியாம முறுக்கி, என் தாத்தா காலத்து லூட்டை நாசம் பண்ணிட்டா. அவ்வளவுதான்."

"நான் இன்னும் மைக்கூட்டையே திறக்கல, பிரபு."

லத்தான்ஸியோவுக்கு எரிச்சலாக இருந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டு முடிவையும் கையில் கொடுக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

வீணை போன்ற நரம்பு வாத்தியமான அந்த லூட் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. நரம்புகளைத் தாங்கும் குதிரை, மேல்பலகையை விட்டுக் கழன்று நரம்புகளோடு தொங்கியது. அதன் அருகே மாஸ்ட்ரோ அஸ்கானியோ முழங்காலிட்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாளிகையின் மூத்த வாத்தியக்காரர் அவர். ஜன்னல் ஓரம் தத்தேயா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

அன்று மாலை இசைச் சபையார் முன்னால் இருவரும் வாசிப்பதாக இருந்தது. ஜெயிப்பவருக்குச் சபையில் ஆயுளுக்கும் உத்தியோகம். தத்தேயாவிடம் சொந்த லூட் கிடையாது. கோமகன் இரவல் கொடுத்த இந்த லூட்டில்தான் அவள் வாசிக்கவேண்டும். இதை உடைத்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால் ஊரில் வேறு எந்த வீட்டுக்காரரும் அவள் கையில் ஒரு வாத்தியத்தைத் தரப்போவதில்லை.

"உங்க காதுல என்ன விழுந்துச்சு மாஸ்ட்ரோ?" என்று கேட்டார் லத்தான்ஸியோ.

"பக்கத்து அறையில இருந்தேன். விடிஞ்சும் விடியாத நேரம். முறுக்கறா, முறுக்கறா, சுருதி ஏறிக்கிட்டே போகுது. முதல் நரம்பு பட்டுனு அறுந்துச்சு. அப்பவும் விடல. அப்புறம் குதிரை பிச்சுக்கிட்ட சத்தம்."

"ஆளைப் பார்த்தீங்களா?"

"வேற யாரு இருப்பா?"

"அந்த நேரம் நான் தேவாலயத்துல பூசைக்குப் போயிருந்தேன்," என்றாள் தத்தேயா.

"யாரோட?"

"தனியா."

கோமகன் சிரித்தார். லத்தான்ஸியோ சிரிக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்," என்றாள் அவள். "என் முதல் நரம்பு எங்க?"

"குதிரையே போச்சு, இவ நரம்பைத் தேடறா," என்றார் கோமகன்.

"ஒரு கட்டு நரம்பு பிரிச்சாலும் அப்படி ஒண்ணு தேறாது, பிரபு. விரல்ல இழுத்துப் பிடிச்சுத் தட்டினா அதிர்ற கோடு ரெண்டே ரெண்டாத் தெரியும், கலங்காது; அதுதான் குறையில்லாத நரம்புக்கு அடையாளம். ஒரு மாசமா அதுலதான் வாசிக்கிறேன்."

லத்தான்ஸியோ குனிந்து பார்த்தார். லூட்டில் முதல் நரம்பு மட்டும்தான் ஒற்றை, மற்றவையெல்லாம் இரட்டை. அந்த ஒற்றை நரம்பைச் சுற்றி முறுக்கும் பிருடை மொட்டையாக இருந்தது. குதிரையில் அதற்கான துளையும் காலி. குதிரையின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. அது ஒட்டியிருந்த பலகையில் விரலை ஓட்டினார். அந்த இடம் மட்டும் சொரசொரவென்றிருந்தது.

"தரையைப் பெருக்கினாங்களா?"

"யாரையும் உள்ள விடல," என்றார் அஸ்கானியோ.

பத்து மணிக்கு லத்தான்ஸியோ சமையலறையில் இருந்தார். மெனிக்கா என்ற சமையல்காரி மாவு பிசைந்துகொண்டே பேசினாள்.

"காலையில யாரு முதல்ல வந்தா?"

"மாஸ்ட்ரோதான். ஒரு சட்டி வெந்நீர், ஒரு துணி. முழங்கால் மடக்க முடியலையாம், ஒத்தடம் கொடுக்கணுமாம். இவர் முழங்காலுக்கு என் அடுப்பை விடியறதுக்குள்ள ஊதணும். அந்தப் பொண்ணு பாவம், ஒரு ரொட்டித் துண்டுகூடக் கேக்காம பூசைக்குப் போனா."

லத்தான்ஸியோ திரும்ப மாடியேறினார். இப்போது எரிச்சல் கோபமாக மாறியிருந்தது. அதை அடக்கிக்கொண்டு மிகவும் பணிவாகக் கேட்டார்: "மாஸ்ட்ரோ, சாயங்காலம் வாசிக்கப்போறதைக் கொஞ்சம் கேக்கலாமா? நானும் இந்த வாத்தியத்துல பைத்தியம்."

அஸ்கானியோ மகிழ்ந்துபோய்த் தன் லூட்டை எடுத்தார்.

"முதல் நரம்பு பளிச்சுனு இருக்கே."

"இன்னிக்குக் காலைலதான் கட்டினேன். புத்தம் புதுசு."

நீளமான உருப்படி ஒன்றை வாசித்தார். நன்றாகவே வாசித்தார். முதல் நரம்பு கடைசிவரை மணி போல நின்றது. அவர் கை ஒருமுறைகூடப் பிருடைக்குப் போகவில்லை. கோமகன் கைதட்டினார்.

"நான் இருபது வருஷமா லூட் வாசிக்கிறேன்," என்றார் லத்தான்ஸியோ. "வாசிக்கிறேன்னு சொன்னா என் மனைவி ஒத்துக்கமாட்டா. ஆனா நரம்பு அறுக்கறதுல இந்த ஊர்ல என்னை மிஞ்ச ஆளில்லை. நரம்பு அறுந்தா ரெண்டு துண்டு மிஞ்சும். ஒண்ணு பிருடையில சுருண்டு நிக்கும், இன்னொண்ணு குதிரையில முடிச்சோட தொங்கும். இங்க ரெண்டுமே இல்ல. அந்த நரம்பு அறுபடல. யாரோ பொறுமையா முடிச்சவிழ்த்து எடுத்திருக்காங்க."

அஸ்கானியோ வாயைத் திறந்தார். லத்தான்ஸியோ கையை உயர்த்தினார்.

"குதிரை பிச்சுக்கிட்டு வந்திருந்தா பலகைச் செதிலையும் சேர்த்து இழுத்துட்டு வந்திருக்கும். இது சுத்தமா வந்திருக்கு. ஈரம் பட்டுப் பலகை சொரசொரத்திருக்கு. வெந்நீர்த் துணி வெச்சா பசை இளகும். நீங்க முழங்காலுக்குன்னு வாங்கின வெந்நீர். ஆனா நான் வந்தப்ப அந்த முழங்காலை மடக்கித்தானே தரையில மண்டியிட்டிருந்தீங்க?"

"இதெல்லாம் யூகம்," என்றார் அஸ்கானியோ.

"சரி, யூகம். ஆட்டுக்குடல் நரம்பைப் புதுசாக் கட்டினா அன்னிக்கு முழுக்கச் சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும். நாலு சுரம் வாசிக்கிறதுக்குள்ள பத்துத் தடவை முறுக்கணும். உங்க புது நரம்பு ஒரு மயிரிழைகூட இறங்கல. அது ஒரு மாசம் வாசிச்சுப் படிஞ்ச நரம்பு. கொடுங்க அதை."

லூட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். இப்போதைய முடிச்சுக்கு ஒரு விரற்கடை தள்ளி, பழைய முடிச்சின் மடிப்பு நரம்பில் தெளிவாகத் தெரிந்தது.

அஸ்கானியோ நாற்காலியில் சரிந்தார்.

"நரம்பை வெட்டி ரெண்டு துண்டையும் அங்கேயே விட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க," என்றார் லத்தான்ஸியோ. "ஏன் வெட்டல?"

"அந்த மாதிரி நரம்பு எனக்கு வாழ்க்கையில கிடைச்சதில்ல," என்றார் அஸ்கானியோ மெல்ல. "கத்தியைக் கிட்ட கொண்டு போனேன். மனசு வரல."

லத்தான்ஸியோ கேட்டார்: "ஆட்டுக்குடலை வெட்ட மனசு வரல. இந்தப் பொண்ணோட பிழைப்பை வெட்ட மட்டும் வந்துச்சா?"

தத்தேயா அப்போதுதான் அழுதாள்.

கோமகன் தொண்டையைச் செருமினார். "சரி நோட்டரி. நடந்தது நடந்துபோச்சு. மாஸ்ட்ரோ எங்க வீட்டுல ரொம்ப வருஷமா இருக்கறவர். சபையில பேரு கெடும். இதையெல்லாம் எழுத வேணாமே."

ஒரு பெண் செய்தாள் என்றபோது எழுது எழுது என்று அவசரப்பட்ட அதே வாய். லத்தான்ஸியோ மேஜையில் உட்கார்ந்தார், காகிதத்தை விரித்தார், மைக்கூட்டின் மூடியைத் திருகினார்.

"இப்பதான் திறக்கிறேன், பிரபு."

மாஸ்ட்ரோவின் பெயரை முதல் வரியில் பெரிதாக எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, அஸ்கானியோவின் லூட்டை எடுத்துத் தத்தேயாவிடம் நீட்டினார்.

"இது சாட்சிப் பொருள். நாளைக்குக் காலையில நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்து சேர்க்கணும். அதுவரைக்கும் உன் பொறுப்பு."

"சாயங்காலம் வாசிக்கலாமா ஐயா?"

"வாசிக்காம வெச்சிருந்தா நரம்பு கெட்டுப்போயிடும்மா."