துண்டு எந்தத் தோளில்?

செந்தூர்பாண்டி ஒரு முறை சொன்னால் சொன்னதுதான். அதையே இரண்டாம் முறை சொல்ல மாட்டார்.

விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலைக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பொய்க் காரணம் சொல்லி ஒரு நாள்கூட அவர் விடுப்பு எடுத்ததில்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் இருந்தார். அந்த வீட்டில் பொய் சொல்வது என்பது செருப்புக் காலோடு அடுப்படிக்குள் போவதைப் போன்றது. யாரும் செய்ததில்லை.

அப்படிப்பட்டவரின் பேச்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் நம்பவில்லை. காரணம், ஒரு துண்டு.

அது 'வெள்ளிக்கதவு' தொடரில் வந்த துண்டு. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் வரும் அந்த விண்வெளித் தொடரை ஊரே பார்த்தது. அதில் வரும் கேப்டன் இன்மதி, ஆற்றின் நடுவே தோன்றும் ஒரு வெள்ளிக்கதவு வழியாக வேறு வேறு கோள்களுக்குப் போய் வருவார்.

ஆற்றங்கரைக் காட்சிகளைப் பக்கத்தில் இருக்கும் பாபநாசத்தில் எடுத்தார்கள். படித்துறையில் நிற்க ஊர்க்காரர் ஒருவர் வேண்டும் என்றார்கள். செந்தூர்பாண்டி மூன்று நாள் போய் நின்றார். எப்போதும் போல இடது தோளில் துண்டு.

ஆறாம் பாகத்தில், இன்மதி கதவுக்குள் போகிறபோது அவர் பத்து நொடி வந்தார். தெருவே கைதட்டியது. அவருடைய மகள் கலையரசி பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தாள்.

ஒன்பதாம் பாகத்தில் இன்மதி கதவு வழியாகத் திரும்பி வந்தார். அதே படித்துறை. அதே செந்தூர்பாண்டி. ஆனால் துண்டு வலது தோளில் கிடந்தது!

அப்போது அவர் மகாராஜன் அண்ணாச்சியின் சலூனில், டிவியைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே இடமே இருக்காது.

"என்னவே பாண்டி!" என்று மகாராஜன் அண்ணாச்சி கத்தியைக் காற்றில் ஆட்டினார். "வந்ததே பத்து நொடி. அதுலயும் துண்ட மாத்திப் போட்டுட்டீரே!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் மாத்தல. மூணு நாளும் இடது தோள்லதான் கெடந்துச்சு" என்றார் செந்தூர்பாண்டி.

"அப்ப டிவி பொய் சொல்லுதா? இத்தன பேரும் பாத்தோம்லா?"

நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்த பிச்சைக்கண்ணு மாமா மட்டும் மறுத்தார். அவர் மினி பஸ் ஓட்டுபவர். "ஏவே, துண்டு இடது தோள்லதான் கெடந்துச்சு. நான் பாத்தேன்!"

"உமக்குக் கண்ணு மேலயும் நுரை" என்றார் மகாராஜன். சிரிப்பு இன்னும் கூடியது.

செந்தூர்பாண்டி எழுந்தார். சவரம் செய்துகொள்ளாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. வேறு கடைக்கும் போகவில்லை. தாடி வளர்ந்தது.

"ஐயப்பனுக்கு மால போட்டிருக்கியளா அண்ணாச்சி?" என்று மில் வாசலில் கேட்டார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பள்ளிக்கூடத்திலும் அதே பேச்சுதான். கலையரசியின் ஆறாம் வகுப்பில் 'வெள்ளிக்கதவு' பற்றி எல்லாம் தெரிந்தவன் ஜாபேஸ். 'தப்புப் பட்டியல்' என்று ஒரு நோட்டு வைத்திருந்தான். ஒன்பதாம் பாகத்தில் மட்டும் நான்கு தப்புகள் என்று எழுந்து நின்று வாசித்தான்.

"ஒண்ணு. இன்மதியோட நாயே அவுங்களப் பாத்துக் குரைக்கி. ரெண்டு. டாக்டர் குழாய அவுங்க வலது நெஞ்சுல வச்சுப் பாத்துட்டு, இதயத் துடிப்பே இல்லைங்காரு. டாக்டருக்கே இதயம் எந்தப் பக்கம்னு தெரியல! மூணு. சொந்த வீட்டுச் சாவியப் போட்டு வலப்பக்கம் திருப்புதாவ, தெறக்க மாட்டேங்கு. நாலு..."

அங்கே நிறுத்திக் கலையரசியைப் பார்த்தான்.

"நாலு, துண்டு. கோவப்படாத கலை. உங்க அப்பா மறந்திருப்பாவ."

"எங்க அப்பா மாத்தல."

"அப்ப எப்படி மாறுச்சு?"

 அந்தக் கேள்வி கலையரசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா பொய் சொல்ல மாட்டார். பார்த்தவர்களும் பொய் சொல்லவில்லை, அவளே பார்த்தாளே! பிச்சைக்கண்ணு மாமா மட்டும் ஏன் வேறு மாதிரி பார்த்தார்? நுரைதான் காரணமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பாகம் இல்லை. ஒன்பதாம் பாகத்தையே மறுபடி போடுவதாக அறிவித்தார்கள். அன்று காலை அம்மா, கலையரசியின் ஆறு வயதுத் தம்பி முத்துமாலையின் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"முடி கண்ணுல விழுது. வெட்டிட்டு வரக்கூடாதா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றாள் கலையரசி.

சலூனில் பெஞ்சு நிறைந்திருந்தது. ஜாபேஸும் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். மகாராஜன் அண்ணாச்சி நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகையைப் போட்டு, அதன்மேல் முத்துமாலையை ஏற்றினார். மிஷின் சத்தம் கேட்டாலே அவன் நெளிவான். அதனால் கலையரசி அவன் பக்கத்தில், கண்ணாடியைப் பார்த்தபடி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா வரலியாட்டி?" என்று மெதுவாகக் கேட்டார் மகாராஜன். அவர் குரலில் கேலி இல்லை. "ஒரு சிரிப்புக்குச் சொன்னது. இவ்ளோ தூரம் போகும்னு நெனைக்கல."

அதற்குள் தொடர் ஆரம்பித்துவிட்டது. டிவி பின்சுவரில் இருந்தது. கலையரசிக்கு அது கண்ணாடியில்தான் தெரிந்தது. முதலில் ஒரு சோப்பு விளம்பரம். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி நின்றது. அதைப் பார்த்து முத்துமாலை சிரித்தான்.

பிறகு படித்துறை வந்தது. வெள்ளிக்கதவு திறந்தது. பின்னால் மலை.

அந்த மலையை முத்துமாலை ஒரு நாளைக்கு நாலு தாளில் வரைவான். பெரிய மலைமுடி அம்மா. வலப்பக்கம் ஒட்டி நிற்கும் சின்ன முடி பிள்ளை.

"அக்கா, எம் மலை!" என்று கண்ணாடியைக் காட்டினான்.

ஆமாம். பிள்ளை வலப்பக்கம் சரியாக நின்றது.

கலையரசிக்கு ஏதோ இடித்தது. சோப்பு விளம்பரத்தின் எழுத்து திரும்பித் தெரிந்ததே? கண்ணாடியில் எல்லாமே திரும்பித்தானே தெரிய வேண்டும்? மலை மட்டும் எப்படிச் சரியாகத் தெரிகிறது?

அப்போது கண்ணாடிக்குள் அப்பா வந்தார். துண்டு இடது தோளில்!

சட்டென்று திரும்பி டிவியை நேராகப் பார்த்தாள். அங்கே துண்டு வலது தோளில் கிடந்தது. பிள்ளை மலை, அம்மா மலையின் இடப்பக்கம் போயிருந்தது.

"நிறுத்துங்க அண்ணாச்சி!" என்று கத்தினாள்.

மகாராஜன் பயந்துபோய் மிஷினை நிறுத்தினார். "என்னட்டி, காதுல பட்டுட்டா?"

"மலையப் பாருங்க! மலை மாறி நிக்கி!"

எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். தினமும் பார்க்கிற மலை. யாரும் அதை இதுவரை பார்க்கவில்லை.

"அட, ஆமா!" என்று ஒருவர் எழுந்தே விட்டார். "சின்ன முடி அங்கன போயிட்டே!"

"துண்டு மட்டும் மாறல. படமே இடம் வலமா மாறியிருக்கு. கண்ணாடில பாத்தா சரியாயிருது. பிச்சைக்கண்ணு மாமா அன்னைக்கு நாற்காலில இருந்தாவ. அவுங்க பாத்ததும் கண்ணாடிலதான்!" என்றாள் கலையரசி.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா!" என்று பெஞ்சுக் கோடியிலிருந்து பிச்சைக்கண்ணு மாமா தொடையைத் தட்டினார். "என் கண்ணுல நுரைன்னீரே வே!"

மகாராஜன் அண்ணாச்சி வாய் திறந்தபடி நின்றார். முத்துமாலைக்குப் பாதித் தலைதான் முடி வெட்டியிருந்தது.

ஆனால் ஜாபேஸ் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு சந்தேகம்" என்றான். "படம் மொத்தமா திரும்பியிருந்தா, இன்மதியோட மச்சமும் மாறியிருக்கணும். அவுங்களுக்கு எப்பவும் இடது கன்னத்துலதான் மச்சம். இதுலயும் இடது கன்னத்துலதானே இருக்கு?"

 கலையரசி பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். மச்சம் மாறவே இல்லை.

"நல்ல கேள்விடா" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. "வா, எங்க வீட்டுக்கு. அப்பாதான மூணு நாளும் அங்கன நின்னாவ."

முத்துமாலைக்கு மீதி முடியை வெட்டும் வரை காத்திருந்து, மூவரும் வீட்டுக்கு ஓடினார்கள். அப்பா வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

துண்டைப் பற்றிக் கேட்டால் அப்பா எழுந்து போய்விடுவார். அது கலையரசிக்குத் தெரியும். அதனால் வேறு கேள்வி கேட்டாள்.

"அப்பா, இன்மதியா நடிச்ச அக்கா கன்னத்துல ஒரு மச்சம் உண்டுல்லா. அது நெசமா?"

"இல்ல. மையால வைப்பாவ."

"எந்தக் கன்னத்துல?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "மொத நாளு இடது கன்னத்துல வச்சாவ. கடைசி நாளு அத அழிச்சுட்டு வலது கன்னத்துல வச்சாவ. எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

ஜாபேஸின் நோட்டு கீழே விழுந்தது.

"மாமா, இத நீங்க யாருட்டயும் சொல்லலியே!"

"யாரும் கேக்கலியே" என்றார் அப்பா.

கலையரசி படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஜாபேஸ், புரியுதா? வலது கன்னத்துல மச்சம் வச்சு எடுத்திருக்காவ. அப்புறம் படத்தத் திருப்பியிருக்காவ. மச்சம் இடது கன்னத்துக்கு வந்துட்டு. அப்ப இது தெரியாம நடந்த தப்பு இல்ல. வேணும்னே செஞ்சது!"

"அப்படின்னா... ஊரு திரும்பியிருக்கு. இன்மதி மட்டும் திரும்பல."

"அவுங்க நம்ம உலகத்துக்கு வரல. இடம் வலமா மாறின வேற உலகத்துக்கு வந்துட்டாவ! உன் பட்டியல வாசி."

ஜாபேஸ் நோட்டை எடுத்து வாசித்தான். "டாக்டர் வலது நெஞ்சுல பாத்தாரு..."

"அந்த ஊருல எல்லாருக்கும் இதயம் வலப்பக்கம்!"

"நாய் குரைச்சுது..."

"அது வளந்தது வேற இன்மதிகிட்ட!"

"சாவிய வலப்பக்கம் திருப்புனா தெறக்கல..."

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "இடப்பக்கம் திருப்பணும்!"

ஜாபேஸ் பேனாவை எடுத்து, நோட்டின் மேல் எழுதியிருந்த 'தப்பு' என்ற சொல்லை அடித்தான். அதற்கு மேலே 'துப்பு' என்று எழுதினான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"மாமா, நீங்க மாத்தல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அப்பா சைக்கிள் சங்கிலியைச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் ஓடியது. "இவனுக்கு மோர் குடு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

மாலையில் மகாராஜன் அண்ணாச்சியே வீடு தேடி வந்தார். "பாண்டி, வந்து சவரம் பண்ணிக்கிடும்வே" என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம பாப்போம்" என்றார் அப்பா. "சாவி எந்தப் பக்கம் திரும்புதுன்னு நாலு பேரு பாக்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலூனில் நிற்கவும் இடமில்லை. வாசலில் சைக்கிள்கள். யாரும் முடி வெட்டிக்கொள்ளவில்லை.

பத்தாம் பாகம் தொடங்கியது. இன்மதி தன் வீட்டின் பூட்டிய கதவின் முன் நின்றார். சாவியை வலப்பக்கம் திருப்பினார். திறக்கவில்லை. சோர்ந்துபோய்க் கதவில் சாய்ந்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, சாவியை இடப்பக்கம் திருப்பினார்.

டக்.

கடை அதிர்ந்தது. பிச்சைக்கண்ணு மாமா ஜாபேஸைத் தூக்கிக்கொண்டார். மகாராஜன் அண்ணாச்சி கலையரசியின் தலையில் பவுடர் பஃப்பால் தட்டினார். வெள்ளைப் புகை பறந்தது.

"ஏ கலை!" என்று ஜாபேஸ் சத்தத்துக்கு மேலே கத்தினான். "இவுங்க இங்கன இருந்தா, இந்த உலகத்து இன்மதி எங்க போனாவ?"

 அதைக் கலையரசி யோசிக்கவே இல்லை! "எழுது, எழுது" என்றாள். "அதுதான் மொதக் கேள்வி."

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. தாடியோடு அப்பா உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகாராஜன் அண்ணாச்சி வெள்ளைத் துணியை உதறினார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னவே பாண்டி, இன்னைக்கு நெசமாவே துண்டு வலது தோள்ல கெடக்கே!"

அப்பா மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கண்ணாடியப் பாரும்வே. சரியாத்தான் கெடக்கு."