மழை அளக்க வந்தவன்

அடி அண்ணாமலையில் ஒருவன் பேன்ட்டும் ஷூவுமாக அடுத்தவர் வயலில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தால், அவன் பக்தனாக இருக்க முடியாது. மனை புரோக்கராகத்தான் இருப்பான். கவிநிலா அனுபவத்தில் கண்ட உண்மை இது. வாசலைத் திறந்தால் மலை தெரிகிற இடம், பக்கத்திலேயே கிரிவலப் பாதை... கேட்க வேண்டுமா? பாதையோரத்து வயலெல்லாம் கல் நட்டு மனையாகிவிட்டது. அந்த வரிசையில் மிச்சம் அவளுடைய அப்பா இராமலிங்கத்தின் இரண்டு ஏக்கர்தான்.

அதிலும் இப்போது ஒருவன் கம்பம் நட்டுக்கொண்டிருந்தான்.

ஆனி மாதத்து முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஸ்கூட்டியைப் பாதையோரம் நிறுத்தினாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினாள். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கம்பத்தைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏங்க... இப்பதாங்க அதை நேரா நிமிர்த்தி வெச்சேன்."

"எங்க நெலத்துல கல்லு நட நீங்க யாரு?"

"கல்லு இல்லைங்க. மழைமானி. மழை பேஞ்சா எவ்ளோ பேஞ்சுதுன்னு அளக்கறது."

"அளந்து யாருக்கு விக்கப் போறீங்க?"

அவன் சிரித்துவிட்டான். இமையில் ஒரு மழைத்துளி நின்றது. அதைத் துடைக்காமலேயே அவளைப் பார்த்தான். கரும்பாகு நிறத்தில் கண்கள்... கவிநிலாவுக்கு எரிச்சலாக வந்தது. புரோக்கர்களுக்கு இப்படிப்பட்ட கண்கள் இருக்கக் கூடாது. இருந்தால் ஏமாறுகிறவர்கள் ஜாஸ்தியாகிவிடுவார்கள்.

"பேரு செழியன். வேலூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை. ஊருக்கு ஒரு வயல் எடுத்து அளக்கறோம். உங்கப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அதுதான் அவளுக்குப் பயமே. அப்பாவிடம் யார் எதைக் கேட்டாலும் கிடைத்துவிடும்.

வீட்டுக்குப் போனதும் விசாரணை நடந்தது.

"நல்ல பையன்மா. காசு எதுவும் கேக்கல" என்றார் இராமலிங்கம்.

"கையெழுத்து கேட்டானா?"

"அதுவும் கேக்கல."

கையெழுத்துகூடக் கேட்காதவன் அதைவிடப் பெரிதாக எதையோ கேட்கப் போகிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

அவளுடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் முதல் மழைக்கே வேர்க்கடலை விதைத்தார்கள். அதன்பிறகு மூன்று வாரம் சொட்டு மழை இல்லை. முளைத்ததெல்லாம் கண்ணெதிரே கருகிப் போயிற்று. அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார்: "அடுத்த வாட்டியும் இப்படிப் போச்சுன்னா அருள்ராஜ்கிட்டயே கொடுத்துடலாம்மா. என்னால முடியல." அருள்ராஜ் திருவண்ணாமலை டவுனில் மனை போட்டு விற்கிறவன். சிரித்துக்கொண்டே காத்திருப்பான்.

வீட்டு மூலையில் நாலு மூட்டை விதைக்காய். நிலம் தங்குமா போகுமா என்பது இந்த வருஷம் அந்த நாலு மூட்டைக்குள் இருந்தது.

செழியன் தினமும் காலை எட்டரை மணிக்கு வந்தான். மழைமானியைத் திறப்பான், உள்ளே இருப்பதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றுவான், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான், நோட்டில் எழுதுவான். கவிநிலா அவன் தோளுக்குப் பின்னால் நின்று உளவு பார்ப்பாள்.

ஒருநாள் அவன் வருவதற்கு முன்பே போய் மழைமானியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவைத்தாள். பொய்க் கணக்கு எழுதுகிறவனா என்று தெரிந்துவிடும் அல்லவா?

செழியன் திறந்து பார்த்தான். வானத்தைப் பார்த்தான். காய்ந்து கிடந்த வரப்பைப் பார்த்தான். கடைசியாக அவளைப் பார்த்தான். நோட்டில் 'மழை இல்லை' என்று எழுதினான்.

"உள்ள தண்ணி இருக்குதே" என்றாள் அப்பாவி போல.

"இருக்குதுங்க. இந்த வயலுக்கு மட்டும் தனியா ஒரு மேகம் வந்துட்டுப் போயிருக்கு போல. பாவம், ரொம்பச் சந்தேகப்படற மேகம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கொட்டித் தீர்த்தது மழை. ஒரே ராத்திரியில் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். காலையில் ஊரே விதைக்காயை உடைக்க உட்கார்ந்துவிட்டது. விதைக் கடலையை மெஷினில் உடைக்க மாட்டார்கள்; பருப்பின் தோல் கிழிந்தால் முளைக்காது. பெண்கள் கூடிக் கையாலேயே உடைப்பார்கள். ஆனால், உடைத்த பருப்பு அதிக நாள் தாங்காது. உடைத்துவிட்டால் விதைத்தே ஆகவேண்டும்.

"நீங்க உடைக்காதீங்க. இன்னும் பத்து நாள் பொறுங்க" என்றான் செழியன்.

"ஏன்?"

"இதுக்கப்புறம் கொஞ்ச நாள் காயும்னு தெரியுது. முன்னல்லாம் இந்த மாசத்துல விட்டு விட்டு மழை வரும். பழைய அளவெல்லாம் எடுத்துப் பார்த்தேன். மொத்த மழை பெருசா கம்மியாகல, மழை வர்ற நாள்தான் கம்மியாயிடுச்சு. ஒரே நாள்ல கொட்டிட்டு ஓடிடுது."

"யாரு பண்ண பாவம்?"

"மனுஷன் பண்ணதுதான். நிலக்கரி, பெட்ரோல், டீசல்னு நூறு வருஷத்துக்கு மேல எரிச்சோம். அந்தப் புகை மேலே கம்பளி மாதிரி போத்திக்கிட்டு சூட்டை விட மாட்டேங்குது. கடல் சூடாவுது, காத்து மாறுது, மழை தடுமாறுது."

"எங்க வீட்ல இருக்கறது ஒரு ஸ்கூட்டி. நாங்க எவ்ளோ எரிச்சிருப்போம்?"

"அதான் அநியாயம். ஜாஸ்தி எரிச்சவன் எங்கயோ இருக்கான், கருகறது உங்க வயலு. அவனை நிறுத்தச் சொல்லிக் கேக்கணும், விடாம கேக்கணும். அதுவரைக்கும் நாம சும்மா இருக்க முடியாதே... மாசத்தைப் பார்த்து விதைக்காம, மழையைப் பார்த்து விதைக்கணும்."

"பத்து நாள்ல கண்டிப்பா மழை வருமா?"

செழியன் யோசித்தான். "கண்டிப்பான்னு சொல்ல முடியாதுங்க. நூத்துக்கு அறுபது."

கவிநிலா ஒருவழியாக மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். விதை உடைக்க வந்த பக்கத்து வீட்டு சந்திரகலாவிடம், பத்து நாள் கழித்து வரும்படி சொன்னாள்.

"யாரு பேச்சைக் கேட்டு நிறுத்தற? வயல்ல வந்து நிக்குமே, அந்தத் தம்பியா?" என்று மோவாயில் கைவைத்தாள் சந்திரகலா. "அது அருள்ராஜோட கூடப் பொறந்த தம்பியாச்சேடி. உனக்குத் தெரியாதா?"

கவிநிலாவுக்குத் தெரியாது. அவமானமா, கோபமா... இரண்டும்தான். அதற்கும் அடியில் இன்னொன்று வலித்தது. அதற்கு அவள் பெயர் வைக்க விரும்பவில்லை.

மறுநாள் எட்டரைக்கு வரப்பிலேயே காத்திருந்தாள்.

"உங்க அண்ணன் பேரு இன்னா?"

எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது.

"அருள்ராஜ்."

"இதை எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"முதல்லயே சொல்லியிருந்தா மழைமானியை வெக்க விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல. தப்புதாங்க."

"பத்து நாளுன்னு சொல்லி எங்களை நிறுத்தி வெச்சுடறது. விதைக்கற பட்டம் போயிடும், நெலம் தரிசா கெடக்கும், அப்பா மனசு உடைஞ்சு கையெழுத்துப் போட்டுடுவாரு. நல்லா இருக்குதுங்க உங்க ஆராய்ச்சி."

செழியன் வாதாடவில்லை. "உங்க எடத்துல இருந்தா நானும் இப்படித்தான் நெனைப்பேன். விதை உங்களுது, உடைக்கறதா இருந்தா உடைங்க. ஆனா நான் சொன்னதை மாத்தி மட்டும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து வீம்புக்கு ஒரு மூட்டையைப் பிரித்தாள். நாலு காயை உடைத்தாள். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏமாற்ற வந்தவன் நூற்றுக்கு நூறு என்று அல்லவா அடித்துச் சொல்லியிருப்பான்? அருள்ராஜ் ஒருநாளாவது எதையாவது தெரியாது என்று சொன்னது உண்டா? இவன் அறுபது என்கிறான். ஊற்றிய தண்ணீரைக்கூட மழையென்று எழுதாதவன்...

மூட்டையைக் கட்டிவைத்தாள். ஆளை நம்பவில்லை. அவன் அளவை நம்பினாள்.

அதன்பிறகு வெயில் கொளுத்தி எடுத்தது. கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடக்க வந்தவர்கள் நிழல் தேடி ஓடினார்கள். விதைத்த வயல்களில் முளை எழும்பும்போதே கருகியது. சந்திரகலா தன் வயலில் உட்கார்ந்து அழுதாள். கவிநிலாவால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். செழியன் தினமும் வந்து 'மழை இல்லை' என்று எழுதிவிட்டுப் போனான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பத்து நாள் முடிந்தது. மழை வரவில்லை. பதினோராம் நாள் காலையில் அருள்ராஜ் ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்தான். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கவிநிலா மூலையில் இருந்த விதை மூட்டைகளைப் பார்த்தாள். தான் காத்திருந்ததால்தான் இந்த நிலையோ...

வெளியே செழியனின் பைக் நின்றது. மணி எட்டரை.

"நீ இங்க இன்னாடா பண்ற?" என்றான் அண்ணன்.

தம்பி அவனைப் பார்க்காமல் இராமலிங்கத்திடம் பேசினான். "ஐயா, பத்து நாள்னு நான் சொன்னது தப்பாயிடுச்சு. ஆனா தெற்கால மேகம் கட்டுது. இந்த வாரத்துக்குள்ள மழைக்கு வாய்ப்பு ஜாஸ்தி. இன்னிக்குக் கையெழுத்துப் போடாதீங்க."

"இனிமே நம்ம வூட்டுப் பக்கம் வந்துடாத" என்று தம்பியிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டு அருள்ராஜ் பத்திரத்தை நீட்டினான். அண்ணன் தம்பி சேர்ந்து போடுகிற நாடகமாக இருக்குமோ என்று அப்போதும் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் நாடகம் போடுகிறவன் 'நான் சொன்னது தப்பாயிடுச்சு' என்றா ஆரம்பிப்பான்?

"எடுத்துட்டுப் போங்க. நாங்க விக்கல" என்றாள் கவிநிலா. அப்பா மகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் மலைக்குப் பின்னாலிருந்து மழை வந்தது. ஆர்ப்பாட்டம் இல்லை, இடியில்லை. விட்டு விட்டு மூன்று நாள் பெய்தது. சந்திரகலாவும் நாலைந்து பெண்களும் வந்து விதை உடைத்தார்கள். கவிநிலா தன் பங்கில் ஒரு மூட்டையைச் சந்திரகலாவுக்குக் கொடுத்தாள். விதைத்த எட்டாம் நாள் வயல் முழுக்கப் பச்சைப் பச்சையாக மண்ணைத் தூக்கிக்கொண்டு முளை வந்தது.

அன்றைக்குச் செழியன் தோளில் பெரிய பையோடு வந்தான்.

"வேலூர்லயே ரூம் பார்த்துட்டேங்க. அண்ணன் வீட்டை விட்டு வந்துட்டேன், இங்க தங்க எடமில்ல. இனிமே மழையை நீங்களே அளந்து போன்ல சொல்லிட்டாப் போதும். எப்படிப் பார்க்கறதுன்னு கத்துக்கொடுத்துட்டுப் போயிடறேன். இந்தக் குழாய்ல தண்ணி நடுவுல குழிஞ்சிருக்கும்ல... அந்த அடிப்பக்கத்தைப் பார்க்கணும்."

"தெரியும்" என்றாள்.

"கண்ணுக்கு நேரா புடிக்கணும்."

"அதுவும் தெரியும். இத்தனை நாளா உங்க பின்னாடிதானே நின்னேன்."

"அப்ப... நான் கெளம்பலாம்."

அவன் கிளம்பவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை. தூறல் ஒன்று இரண்டாக விழுந்தது.

"நான் உங்களை இன்னும் முழுசா நம்பலைங்க" என்றாள் கவிநிலா, முளைகளைப் பார்த்தபடி. "எனக்கு அவ்ளோ சீக்கிரம் நம்பிக்கை வராது. ஆனா நீங்க பேசாம போன நாள்ல எல்லாம் எனக்கு ஒரு வேலையும் ஓடல. மழை வருமான்னு வானத்தைப் பார்த்ததை விட, நீங்க வர்றீங்களான்னு ரோட்டைத்தான் ஜாஸ்தி பார்த்தேன்."

செழியன் பையைக் கீழே இறக்கினான். "எனக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. இங்க வர வேண்டியது வாரத்துக்கு ஒரு தடவைதான். தினமும் அளக்கணும்னு யாரும் என்கிட்ட சொல்லல."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். இத்தனை உளவு பார்த்தும் இதை மட்டும் கண்டுபிடிக்காமல் விட்டிருக்கிறாளே... காது வரை சூடேறியது.

"அப்ப இனிமேயும் வாங்க. கத்துக்கொடுக்க வராதீங்க, அளக்க வராதீங்க. சும்மா வாங்க."

"சும்மா எப்படிங்க? ஊர்ல கேப்பாங்களே."

"கேட்டா, எனக்கு அவரைப் புடிச்சிருக்கு, அதனால வர்றாருன்னு நானே சொல்லிக்கிறேன்."