பாக்கெட் ஜாக்கிரதை

கால்வாயில் பிணம் கவிழ்ந்து கிடந்தது.

அதன் முதுகில் ஒரு கடல் காகம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ தின்று எறிந்த பீட்ஸா துண்டு மிதந்தது. எதைக் கொத்துவது என்று காகத்துக்குக் குழப்பம்.

பாலத்தின் மேல் கூட்டம். அத்தனை கைகளிலும் செல்போன்.

வெனிஸ் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒர்னெல்லா படகிலிருந்து இறங்கினாள். ஜூலை வெயிலில் தண்ணீர் அழுகிய முட்டைக்கோஸ் போல நாறியது.

"மராங்கோன், அவனைப் பாரு. பொணம் பின்னாடி தெரியுற மாதிரி நின்னு படம் புடிக்கிறான். சிரிப்பு வேற."

"சொல்லிப் பாத்துட்டேன் மேடம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குதுன்னு என்னையே வெரட்டுறாங்க," என்றார் கான்ஸ்டபிள் மராங்கோன்.

பிணத்தைக் கரைக்கு இழுத்தார்கள். அறுபது வயது ஆண். பின்மண்டையில் ஆழமான வெட்டு. வாய்க்குள் பாசி.

ஒர்னெல்லா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு இது?"

"என் குரூப்தான் மேடம்..."

முன்னால் வந்தவன் துல்லியோ. டூரிஸ்ட் கைடு. உள்ளூர்க்காரன். கோட்டு, கையில் சிவப்புக் குடை, கண்ணில் தண்ணீர்.

"பேரு யோரிஸ். பெல்ஜியம். காபி குடிக்க எல்லாரையும் விட்டிருந்தேன். இவர் மட்டும் தனியா இந்தச் சந்துக்குள்ள வந்துட்டார். நான் பாலத்து மேல இருந்து பாக்குறேன்... பாசி புடிச்ச படியில எறங்கி போட்டோ எடுக்குறார். கத்தினேன் மேடம். அதுக்குள்ள வழுக்கிட்டார்."

"படியில எறங்கக் கூடாதுன்னு சொல்லலையா?"

"தினமும் முதல்ல அதைத்தான் சொல்றேன். பச்சைப் படியில கால் வைக்காதீங்க. பாலத்துல உக்காந்து சாப்பிடாதீங்க. புறாவுக்குத் தீனி போடாதீங்க. பாக்கெட் ஜாக்கிரதை. தொண்டை வத்த வத்தச் சொல்றேன். யாரு கேக்குறா?"

"ஒருத்தனும் கேக்க மாட்டான்." ஒர்னெல்லா கீழே துப்பினாள். "கால்வாயில குளிக்கிறான். சர்ச் சுவத்துல ஒண்ணுக்குப் போறான். மூளையை ஏர்போர்ட்லயே கழட்டி வெச்சுட்டு வருதுங்க. எழுதிக்க மராங்கோன். விபத்து. முட்டாள்தனத்தால சாவு."

"என் புருஷன் முட்டாள் இல்ல."

ஒர்னெல்லா திரும்பினாள்.

பின்னால் ஒரு பெண்மணி. வெள்ளை முடி. அவள் பேசிய இத்தாலிய மொழி தட்டுத்தடுமாறி வந்தது... ஆனால் குரல் நடுங்கவில்லை.

"நான் ஹில்டே. அவரோட மனைவி."

ஒர்னெல்லாவுக்கு முகம் சுட்டது. அந்த அம்மாளைக் கூட்டத்தை விட்டுத் தள்ளி அழைத்துப் போனாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பரவாயில்ல. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அவருக்குத் தண்ணின்னா பயம். படகுல கூட நடுவுலதான் உக்காருவார். அந்தப் படியில அவர் எறங்கவே மாட்டார்."

"பின்ன எதுக்குத் தனியா இந்தச் சந்துக்கு வந்தார்?"

"நேத்து அவர் பர்ஸ் போச்சு. எங்க குரூப்ல இன்னும் நாலு பேருக்கும் போச்சு. ராத்திரி பூரா யோசிச்சார். கைடு ஒவ்வொரு பாலத்துலயும் பாக்கெட் ஜாக்கிரதைன்னு கத்துறான் இல்லையா... உடனே நாம என்ன செய்வோம்?"

"பர்ஸ் இருக்கான்னு தொட்டுப் பாப்போம்."

"பணம் எந்தப் பாக்கெட்டுல இருக்குன்னு நாமளே காட்டிக் குடுக்குறோம். மஞ்சத் தொப்பி போட்ட பொண்ணு ஒருத்தி எப்பவும் பின்னாடி வர்றா. அவ பாத்துக்குறா. அடுத்த பாலம் தாண்டுறதுக்குள்ள பர்ஸ் காணோம். இன்னைக்குக் காலையில கைடும் அவளும் இந்தச் சந்துக்குள்ள போனாங்க. யோரிஸ் போன்ல வீடியோ எடுக்கப் பின்னாடியே போனார்..."

அதற்கு மேல் அந்த அம்மாளால் பேச முடியவில்லை.

"மராங்கோன், செத்தவர் பாக்கெட்ல போன் இருந்துச்சா?"

"இல்ல மேடம். சாவி, சீப்பு, மாத்திரை டப்பா... அவ்வளவுதான். போன் தண்ணிக்குள்ள போயிருக்கும்."

ஒர்னெல்லா யோசித்தாள். பிறகு மெதுவாகத் துல்லியோவிடம் நடந்தாள். கொட்டாவி விட்டாள்.

"சரி, நீ கெளம்பு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடு."

"நன்றி மேடம்."

"பாத்துப் போப்பா. இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. பாக்கெட் அடிக்கிறவனுங்க ரெண்டு பேர் இங்கதான் சுத்துறானுங்களாம்."

துல்லியோவின் வலது கை தானாக உயர்ந்தது.

கோட்டின் இடது உள்பாக்கெட்டைத் தொட்டது.

அந்த நொடியே அவனுக்குப் புரிந்தது. கை அப்படியே உறைந்தது. முகம் வெளுத்தது.

ஓட எத்தனித்தான். மராங்கோனின் காலில் தடுக்கி விழுந்தான்.

உள்பாக்கெட்டிலிருந்து ஒர்னெல்லா ஒரு போனை உருவினாள். திரையில் ஒரு படம். ஹில்டேவும் ஒரு கறுப்பு நாயும் பனியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹில்டே அதை வாங்கிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

"தள்ளணும்னு நெனைக்கல மேடம்," துல்லியோ தரையில் கிடந்தபடி முனகினான். "போனைப் புடுங்கினேன். அவர் விடலை. பின்னாடி சாஞ்சார்... படகு கட்டுற கட்டையில மண்டை அடிச்சுது."

"கையைக் குடுத்துத் தூக்கியிருக்கலாமே. அங்க தண்ணி கழுத்தளவுதான்."

துல்லியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போனையாவது தூக்கி எறிஞ்சிருக்கலாமே. ஏன் எறியலை?"

"எங்க எறியறது? விழுந்த சத்தம் கேட்டதுமே அத்தனை பேரும் படம் புடிக்க வந்துட்டானுங்க..."

ஒர்னெல்லா பாலத்தைப் பார்த்தாள். இன்னமும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு துல்லியோவைப் பார்த்தாள். கால்வாய் நாற்றமே தேவலை என்று தோன்றியது. இவன் அவள் ஊர்க்காரன். அவள் படித்த பள்ளியில்தான் இவனும் படித்திருப்பான்.

விலங்கு மாட்டினாள். தொட்ட கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டாள்.

"மஞ்சத் தொப்பி எங்கன்னு சொல்லிடு. கேஸ் லேசாகும்."

"எனக்கு வக்கீல் வேணும்."

"வக்கீல் கெடைப்பார் துல்லியோ. ஆனா ஜெயில்ல கைடு கெடையாது. நீயே சுத்திப் பாத்துக்க."