பின் அடித்த அத்தியாயம்

அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு மழை என்றாலே ஆகாது. வானம் லேசாக இருட்டினால் போதும், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் முரண்டு பிடித்து நின்றுவிடும்.

அன்றைக்கும் நின்றது... உள்ளே அவள் மட்டும். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு கையில் காலிக் குழாய்கள் அடுக்கிய பெட்டி. இன்னொரு கையில் நூலகத்திலிருந்து எடுத்த நாவல்.

பட்டனை அமுக்கினாள். சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"பயப்படாதீங்க மேடம். மொட்டை மாடியில மெஷின் ரூம்லதான் இருக்கேன். கரண்ட் போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல கையாலயே இறக்கிடறேன்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்?"

"உண்மையைச் சொல்லவா, ஆறுதல் சொல்லவா?"

நேரம் காலம் தெரியாமல் என்ன விளையாட்டு இது! எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே மூச்சும் முட்டியது. அது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். குரல் தணிந்தது.

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"புத்தகம்..."

"நல்லதாப் போச்சு. சத்தமாப் படிங்க. எனக்கும் கேட்ட மாதிரி இருக்கும்."

வேறு வழியில்லாமல், மங்கலான அவசர விளக்கில் படித்தாள். 'திறந்திருந்த ஜன்னலை இருவரும் சேர்ந்து சாத்தினார்கள். இனி அவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை...'

"இருங்க, இருங்க! ஆரம்பமே முடிவு மாதிரி இருக்கே?"

"முடிவுதான். நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பேன்."

"அடப்பாவமே! சாப்பிடறதுக்கு முன்னாடியே ஏப்பம் விடற ஆளா நீங்க?"

மேலே எதையோ சுற்றும் சத்தம். லிஃப்ட் ஜாண் ஜாணாக இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு விலகியபோது, தரை அவள் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. அங்கே ஒருவன் குந்தியிருந்தான். மழையில் நனைந்த முடி, நெற்றியில் கிரீஸ்... நடுவில் சிரிக்கும் இரண்டு கண்கள். நீட்டிய கையின் கறுப்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி நீட்டினான்.

"ஏறி வாங்க, கடைசிப் பக்கம்."

அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மாதம் முழுக்க மழை. லிஃப்டைச் சரிபார்க்க அவன் அடிக்கடி வந்தான். நான்காவது மாடிப் படிக்கட்டில் ஆளுக்கொரு டீயுடன் நின்று, என்ன படித்தீர்கள் என்று ஒருவரையொருவர் குடைவது வழக்கமாகிவிட்டது.

"முன்னெல்லாம் ஒரு கொலையாவது இல்லேன்னா அதைப் புத்தகம்னே ஒத்துக்க மாட்டேன்," என்றான் ஒருநாள். "இப்போ ஒண்ணுமே நடக்க வேணாம். யாராவது ஒரு ஆள் காபி குடிச்சிட்டு மழையைப் பார்த்துட்டு இருந்தா போதும். நூறு பக்கம் படிப்பேன்."

"வயசாயிடுச்சு உங்களுக்கு."

"நீங்க?"

"காலேஜ்ல படிக்கும்போது, கதையில காதலிக்கிறவங்க செத்தாதான் எனக்குத் திருப்தி. தலகாணி நனையற வரைக்கும் அழுதுட்டு, மறுநாள் அதே மாதிரி இன்னொண்ணு தேடுவேன்..."

"இப்போ?"

"இப்போ கடைசியில எல்லாரும் உயிரோட இருக்காங்களான்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்கே எடுத்துட்டுப் போவேன்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு காலை, "சாயங்காலம் மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துட்டுப் போ" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவள் கணவன் வேலைக்குக் கிளம்பினான். சாயங்காலம் மழை வந்தது. அவன் வரவில்லை. சாலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதிலிருந்து முடிவு தெரியாத எதையும் அவள் தொடுவதில்லை. வீட்டில் மாமியாரும் அப்படித்தான். ஒரு காலத்தில் தொடர்கதைக்காக மருமகளோடு மல்லுக்கு நின்றவர், மகன் போனபிறகு சமையல் குறிப்புகளை மட்டும் படிக்கிறார். அதில் யாரும் சாவதில்லை.

ஆனால் இந்தக் கண்கள்... இவற்றுக்கு எங்கே இருக்கிறது கடைசிப் பக்கம்? புரட்டிப் பார்க்க வழியில்லையே என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் அவன் ஒரு பழைய காதல் நாவலைக் கொண்டுவந்தான். கடைசி அத்தியாயத்தைச் சுற்றி ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்தது.

"மூடின இடம் வரைக்கும் படிங்க. பிரிக்கக் கூடாது. அப்புறம்... ரெண்டு பேரும் சேர்ந்து பிரிப்போம். சரியா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். கண்கள் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய தலை வீடு போய்ச் சேரும்வரைதான் தாங்கியது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் பின்களை நெம்பினாள். கதாநாயகன் வேலைக்குக் கிளம்புகிறான்... மனைவி வாசலில் நிற்கிறாள்... திரும்பி வருவது அவன் இல்லை, அவன் செத்துப்போன செய்தி.

யாரோ இவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் யார், அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு, அழுது தீர்க்கட்டும் என்று பரிதாபப்பட்டுக் கொடுத்திருக்கிறான்!

மறுநாள் மொட்டை மாடி ஏறி, மெஷின் ரூம் மேசையில் புத்தகத்தை வீசினாள்.

"அவன் செத்துடறான்னு தெரிஞ்சுதானே கொடுத்தீங்க? என் புருஷன் போனமாதிரியே! உங்க பரிதாபம் எனக்கு வேணாம்."

அவன் முகம் வெளுத்தது.

"செத்துடறானா...?" என்றான் மெதுவாக.

புத்தகத்தை எடுத்து, மழைத் தண்ணீர் படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அவள் இறங்கிவிட்டாள். அதற்குப்பிறகு டீ நேரத்தில் படிக்கட்டு காலியாகவே கிடந்தது. மழை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மாமியார் "ஸ்ஸ்..." என்று விரலை உதறினார்.

"என்னடி இது, துருப்பிடிச்ச பின்னை எல்லாம் இங்க போட்டு வச்சிருக்கே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அத்தையின் உள்ளங்கையில் சிவப்புத் துரு ஏறி, தொட்டால் உதிரும் பின்கள். வருஷக்கணக்காகப் புத்தகத்துக்குள் கிடந்தவை. அவளுக்காக அடித்தவையே இல்லை.

'செத்துடறானா...' அவனும் படித்ததில்லை! இத்தனை வருஷம் திறக்காமல் வைத்திருந்த கதவை, சேர்ந்து திறப்போம் என்று அவளிடம் கொடுத்திருக்கிறான். அவள் அதை உடைத்து, உள்ளே இருந்ததை அவன் முகத்திலேயே அடித்துவிட்டாள்.

"யாரோட புத்தகம்?" என்றார் மாமியார்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு..."

மாமியார் அவள் முகத்தையே பார்த்தார். அந்த வீட்டில் இன்னொரு ஆணின் பேச்சை எடுப்பதற்கே அவள் பயந்திருந்தாள்.

"புத்தகத்தைக் கிழிச்சிருந்தா மன்னிப்புக் கேட்கணும்," என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "போய்க் கேளு. என்னை ஒரு சாக்கா வச்சுக்காதே."

மறுநாள் லிஃப்டுக்குள் ஏறினாள். கதவு மூடியதும், அன்றைக்குப் போலவே ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினாள்.

"சொல்லுங்க, எந்த மாடி?" களைத்த குரல்.

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான்... ஒண்ணு சொல்லணும். நேர்ல பார்த்தா வாய் வராது."

ஸ்பீக்கருக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டாள்.

"அந்தப் புத்தகத்தை ஏன் முடிக்காமலே பின் அடிச்சு வச்சிருந்தீங்க?"

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டிருந்த புத்தகம் அது. இதே ஆஸ்பத்திரியிலதான். கடைசி அத்தியாயத்தை நாளைக்குப் படிச்சுக் காட்டறேன்னு சொல்லிட்டு விளக்கை அணைச்சேன். அந்த நாளை வரல... அப்புறம் நானே பின் அடிச்சு மூடிட்டேன். அன்னிக்கு நீங்க லிஃப்டுக்குள்ள பயந்துகிட்டே படிச்சீங்க பாருங்க, அப்போதான் தோணிச்சு. இந்தக் குரல் பக்கத்துல இருந்தா முடிச்சுடலாம்னு. உங்க வீட்டுக்காரரைப் பத்தி எனக்குச் சத்தியமா தெரியாது."

அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கவில்லை.

"நான் கெடுத்துட்டேன்."

"முடிவுதானே தெரிஞ்சுது. எப்படின்னு இன்னும் தெரியாது. படிச்சுக் காட்டறீங்களா?"

"படிக்கிறேன். ஆனா..." லிஃப்ட் கண்ணாடியில் தெரிந்த தன் ஈர முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முடிவு என்னன்னு தெரியாது. தெரியாமலே பிடிச்சிருக்கு. பயமா இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்... எனக்கு முன்னாடி போனீங்க, கொன்னுடுவேன்."

மொட்டை மாடியிலிருந்து யாரோ படிகளைத் தாவித் தாவி இறங்கி வரும் சத்தம் கேட்டது.