மூன்று தும்மல்

மேக்கப் அறைத் தரையில் வாசுதேவன் குப்புறக் கிடந்தார்.

தலைக்குப் பக்கத்தில், நாடகம் தொடங்கும்போது அவரே ஏற்றிவைத்த குத்துவிளக்கு. அதன் அடிப்பாகத்தில் ரத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் நானூறு பேர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்...

1999. ஆகஸ்ட் மாத ஞாயிறு. மாலை ஆறரை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணு ஆராய்ச்சி ஊழியர் குடியிருப்பின் கலையரங்கம். 'பீரோ மாப்பிள்ளை' என்ற பழைய சிரிப்பு நாடகத்தை ஊழியர்களே போட்டார்கள். வாசுதேவன்தான் இயக்குநர்.

இருபது நிமிடத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ரெபேக்காள் இறங்கினாள். பந்தோபஸ்துக்கு வந்து, முதல் வரிசையில் நின்று முழு நாடகத்தையும் பார்த்துவிட்டிருந்த கான்ஸ்டபிள் முனிசாமி சல்யூட் அடித்தார்.

ரெபேக்காள் எல்லோரையும் விசாரித்தாள். கடைசிக் காட்சி ஆறு மணிக்குத் தொடங்கியது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை வாசுதேவன் உயிரோடு இருந்தார். மேக்கப் போடும் சந்திரம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, கேன்டீனில் பத்துப் பேரோடு வரிசையில் நின்றாள்.

பெண்ணின் அப்பாவாக நடித்த ஜெபகுமாரும், பெண்ணாக நடித்த சங்கரியும் மேடையில் இருந்தார்கள். மாப்பிள்ளையாக நடித்த லட்சுமணன், கதைப்படி மேடையில் இருந்த பீரோவுக்குள் பதினைந்து நிமிடம் ஒளிந்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு ஆள்.

திருநாவுக்கரசு. மேடையோர மறைவான சைடு விங்கில் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்த வசனத்தை மெதுவாக எடுத்துக்கொடுக்கும் ப்ராம்ப்டர். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. கல்யாணம் ஆகவில்லை. குவார்ட்டர்ஸில் அவருக்குத் துணை கடல் சத்தம் மட்டும்.

"காட்சி நடக்கும்போது உங்களை யார் பார்த்தாங்க?" ரெபேக்காள் கேட்டாள்.

"யாரும் பார்க்கலை மேடம்."

"ஒருத்தர்கூடவா?"

"ப்ராம்ப்டரை யாராவது பார்த்துட்டா, அவன் சரியா உட்காரலைன்னு அர்த்தம்."

அவர் கேலி செய்யவில்லை. ரெபேக்காளுக்கு அது புரிந்தது.

அன்று காலை ஒத்திகையில் நடந்ததை சங்கரி தயக்கத்தோடு சொன்னாள். திருநாவுக்கரசு முதல்முறையாக ஒரு சின்ன வேஷம் கேட்டிருக்கிறார். எல்லோர் முன்னாலும் வாசுதேவன் சிரித்திருக்கிறார். உன் மூஞ்சியைப் பார்த்து யாருய்யா டிக்கெட் வாங்குவான் என்று கேட்டிருக்கிறார்.

காரணம் இருந்தது. சந்தர்ப்பம் இருந்தது. சாட்சி மட்டும் இல்லை.

"மேடம்... பீரோவுக்குள்ள லட்சுமணன் இல்லை." திருநாவுக்கரசு மெதுவாகச் சொன்னார்.

அந்தப் பீரோவுக்கு முதுகு கிடையாது. முன்பக்கம் மட்டும்தான் ப்ளைவுட். விங்கை ஒட்டியே நின்றது. ஒவ்வொரு தடவை நாடகம் போடும்போதும் லட்சுமணன் உள்ளே போவார், பின்பக்கம் இறங்கி சிகரெட் பிடிக்கப் போய்விடுவார். உள்ளிருந்து வரவேண்டிய மூன்று தும்மலையும் திருநாவுக்கரசுதான் அவருக்காகப் போடுவார்.

லட்சுமணன் மாப்பிள்ளைத் தலைப்பாகையோடு நின்றிருந்தார். நாற்பத்தெட்டு வயது. ரோஸ் பவுடர்.

"எனக்காக நீ தும்முனியா, அரசு?" அவர் சிரித்தார். "பாவம்யா நீ. தனியா இருந்து இருந்து..."

மீதியை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தும்மல் பீரோவிலிருந்துதான் வந்தது என்று ஜெபகுமாரும் சங்கரியும் உறுதியாகச் சொன்னார்கள். திருநாவுக்கரசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"ஜீப்புல ஏறுங்க சார்" என்றாள் ரெபேக்காள்.

எல்லோரும் மேடை வழியாக வெளியே நடந்தார்கள். முனிசாமி போகிறபோக்கில் லத்தியால் பீரோவைத் தட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லட்சுமணன் சாரு... இன்னா காமெடி சார் உன்னுது! உள்ளேர்ந்து ஒரு டயலாக்கு வுட்ட பாரு... வவுறு வலிக்குது இன்னும்."

"எந்த டயலாக்?" என்றார் லட்சுமணன். "பீரோவுக்குள்ள எனக்கு மூணு தும்மல்தான்யா. பேச்சே கிடையாது."

ஜெபகுமார் சட்டென்று நின்றார். "என்ன லட்சுமணா இப்படிச் சொல்ற? நாலாவது தடவை நான் தட்டுனப்ப..."

ரெபேக்காள் கையை உயர்த்தினாள்.

"நீங்க பேசாதீங்க. லட்சுமணன், நீங்க சொல்லுங்க. நாலாவது தடவை தட்டுனதும் என்ன சொன்னீங்க?"

லட்சுமணனின் பவுடரில் வியர்வை கோடு போட்டது.

"மறந்துடுச்சு..."

"கைதட்டு வாங்குன வசனத்தையா?" சங்கரி தணிந்த குரலில் கேட்டாள். "நீங்களா?"

ரெபேக்காள் திரும்பினாள். திருநாவுக்கரசு குற்றவாளிபோல் தலை குனிந்திருந்தார்.

"நான்தான் மேடம் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை? கொலைக் கேஸ் சார் இது."

"ப்ராம்ப்டர் குரல் ஜனங்களுக்குக் கேட்கக்கூடாது. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்னைக்குக் கேட்டுடுச்சு. அதை நானே எப்படிச் சொல்வேன்?"

"என்ன சொன்னீங்க?"

"ஜெபகுமார் பீரோவைத் தட்டி, உள்ள யாராவது இருக்கீங்களான்னு கேட்டார். மூணு தடவை தும்மினேன். நாலாவது தடவை பதில் வரக்கூடாது. ஆனா அவர் அவ்வளவு நேரம் நின்னு, காதை வெச்சுக் கேட்டார் மேடம்..."

அவர் பீரோவைப் பார்த்தார்.

"என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. 'யாரும் இல்லீங்க'ன்னு சொல்லிட்டேன்."

நானூறு பேர் சிரித்தது அதற்குத்தான். அந்தச் சிரிப்பு லட்சுமணனின் காதில் விழவில்லை. அந்த நேரத்தில் அவர் மேக்கப் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குத்துவிளக்கோடு நின்றிருந்தார்.

லட்சுமணன் பீரோவின் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். இடைவேளையில் வாசுதேவன் அவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். சென்னைப் போட்டிக்கு அபிஷேக் என்ற புதுப் பையன்தான் மாப்பிள்ளை, இன்றைக்குத்தான் உனக்குக் கடைசி என்றிருக்கிறார். அபிஷேக்குக்கு இருபத்தி நாலு வயது.

முனிசாமி நோட்டைப் பிரித்தார். "உன் வாயால சொல்லு அண்ணாத்த. எயுதிக்கிறேன்."

"நான்... வாசுதேவனை..." என்று தொடங்கினார் லட்சுமணன். "வாசுதேவனை..."

வார்த்தை வரவில்லை.

இடது பக்கத்திலிருந்து தணிந்த குரல் ஒன்று, அவருக்கு மட்டும் என்பதுபோல், பழக்கத்தில் எடுத்துக்கொடுத்தது.

"...குத்துவிளக்கால..."

திருநாவுக்கரசு.

முனிசாமி பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"வுடு சார். இனிமே அவுருக்கு எடுத்துக் குடுக்க வக்கீல் கீறாரு."